புராதனச் சின்னங்களை அரசு எப்படிக் காக்கிறது? கேள்வி பதில்

கே: எங்கள் ஊர்ப் பழைய கோயில் எந்தத் துறையின் பொறுப்பு?

எல்லாம் ஒரே துறையில் இல்லை. நீலப் பலகை இருந்தால் பெரும்பாலும் மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறை. 1861-இல் தொடங்கியது, இப்போது 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி நடக்கிறது. மாநிலத்துக்குத் தனியாக ஒரு தொல்லியல் துறை உண்டு. இரண்டிலும் இல்லாத கோயில்கள் பெரும்பாலும் அறநிலையத் துறையிடம். தஞ்சைப் பெரிய கோயிலில் கட்டடத்தை இந்தியத் தொல்லியல் துறை பார்க்கிறது, பூஜையை அரண்மனை தேவஸ்தானம் பார்க்கிறது.

கே: திருமயம் கோட்டைக்கு 80 மீட்டரில் வீடு. மாடி எடுக்கலாமா?

முடியாது. இந்தியத் தொல்லியல் துறை காக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். அந்த 100 மீட்டரைத் தாண்டி இன்னொரு 200 மீட்டருக்கு எது கட்டினாலும் அனுமதி வேண்டும். ஏழை வீட்டுக்கும் ஓட்டலுக்கும் ஒரே அளவுகோல் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சட்டம் அதுதான்.

கே: கும்பாபிஷேகத்துக்குக் கல்லை மணல் வீச்சில் சுத்தம் செய்தால் பளிச்சென்று இருக்கிறதே, என்ன தப்பு?

பளிச்சென்றுதான் இருக்கும், கல்வெட்டுதான் இருக்காது. மணல் மோதும்போது கல்லின் மேல்தோல் உரிகிறது, எழுத்தின் விளிம்பு மழுங்குகிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் உப்பை எடுக்கும் விதத்தைப் பாருங்கள். காகிதக் கூழை உப்பில்லாத நீரில் குழைத்துக் கல்லில் அப்புவார்கள். ஈரம் உள்ளே போய் உப்பைக் கரைக்கும். காயும்போது உப்பு கூழுக்கு வந்துவிடும். உரித்துப் போட்டுவிட்டு மறுபடி அப்ப வேண்டும். பொறுமை பிடித்த வேலை, ஆனால் கல்லில் ஒரு கீறல் விழாது.

கே: விரிசலில் சிமெண்ட் பூசலாமா?

வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அடைத்து வைக்கும். அப்புறம் பக்கத்துக் கல்தான் பொரியும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பு இன்றும் பயன்படுகிறது.

கே: பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்தை உரித்துவிட்டார்களாமே?

உரித்தார்கள், அழிக்கவில்லை. கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். பின்னாளில் தொல்லியல் துறை வேதியியலாளர்கள் மேலடுக்கைப் பெயர்த்துக் கண்ணாடியிழைப் பலகையில் ஒட்டினார்கள். இரண்டும் பிழைத்தன.

கே: கிணறு தோண்டும்போது பழங்காசு கிடைத்தால்?

தாசில்தாரிடம் சொல்லுங்கள். 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைத் தெரிவித்தாக வேண்டும். தேய்த்துக் கழுவ வேண்டாம், மண்ணோடு கொடுங்கள்.