கடைவீட்டு மாடியில் மதிய வெக்கை: ஏர்கூலர் வாங்கலாமா?

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில், கடைவீட்டு மாடியில் பரத வகுப்பு. வெப்பமானி 31 காட்டினாலும் பிள்ளைகள் மூன்று மணிக்கே துவண்டுவிடுகிறார்கள், கீழ்க்கடை பரவாயில்லை, ஏர்கூலர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். தண்ணீரை ஆவியாக்கிக் குளிரவைக்கும் பெட்டி அது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் புழுக்கம்தான் கூடும்.

வெப்பமானி காட்டுவது காற்றின் சூட்டை மட்டும். வெயிலில் காய்ந்த ஓடும் அதன்கீழ் உள்ள சீலிங்கும் நேராகத் தலையில் அனலை இறக்குகின்றன. கீழ்த்தளத்துக்கு உங்கள் மாடியே குடை, முன்னால் அஞ்சடி (கடைமுன் கூரையுள்ள நடைபாதை) தரும் நிழல் வேறு. மதியம் சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், சுவரைவிடச் சுட்டால் அதுதான் காரணம். ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே வெப்பத்தடுப்புப் பலகை போடச் சொல்லுங்கள்.

அடுத்து, நடுவிலுள்ள வானம்பார்த்த முற்றம். மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் தகடு போட்டு மூடியிருக்கிறார்களா? சூடான காற்று மேலேறி வெளியேற அந்த முற்றம்தான் வழி, திறக்கச் சொல்லுங்கள். லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம். எனவே கூரையில் கைவைக்குமுன் உரிமையாளர் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் கேட்கவேண்டும்.

செட்டிநாட்டு வீடுபோல் பகலில் சன்னலைச் சாத்திக் குளுமையைப் பிடித்துவைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். இங்கே இரவே 25 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக இறங்காது, பிடித்துவைக்க என்ன இருக்கிறது? எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, ஆடும் இடத்துக்கு நேர்மேலே விசிறி மாட்டுங்கள். காற்று நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் உடம்பில் பட்டாலே இரண்டு மூன்று டிகிரி குறைந்தாற்போல் இருக்கும்.

முடிந்தால் வகுப்பை ஆறு மணிக்குத் தள்ளுங்கள், செலவே இல்லை.