கிரியேட்டினின் 1.8: கான்ட்ராஸ்ட் ஊசி போடலாமா?

கேள்வி: எங்க அய்யனுக்கு 62 வயசுங்க. சென்னிமலையில் தறி ஓட்டுகிறார். ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. கடைவீதி வரை நடப்பதற்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. ஈரோட்டில் டாக்டர் காலுக்கு எம்.ஆர். ஆஞ்சியோ (ரத்தக்குழாயைப் பார்க்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்), கான்ட்ராஸ்ட் ஊசியோடு (படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) எடுக்கச் சொன்னார். கிட்னிக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.8. ஊசி போட்டால் கிட்னி போய்விடும் என்கிறார்கள். ஊசியில்லாமல் எடுக்கலாங்களா?

பதில்: அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்தை நினைத்துச் சொல்கிறார்கள். எம்.ஆரில் ஏற்றுவது கடோலினியம். அது வேறு சரக்கு.

அதற்கும் ஒரு கெட்ட பெயர் உண்டு. சிறுநீரகம் ஏறக்குறைய நின்றுபோன சிலருக்கு இந்த ஊசிக்குப் பின் தோல் பலகை மாதிரி இறுகி, கை கால் மடக்க முடியாமல் போனது. காரணம் இந்த மருந்துதான் என்ற சந்தேகம் 2006-இல் எழுந்தது. கடோலினியம் தனியாக இருந்தால் விஷம். அதனால் ஒரு மூலக்கூறுக்குள் பூட்டித்தான் தருகிறார்கள். பழைய மருந்துகளில் அந்தப் பூட்டு தளர்வு. சிறுநீரில் சீக்கிரம் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கினால் கழன்றுவிடும். வளைய அமைப்புள்ள மருந்துகளில் பிடி கெட்டி. 2017-இல் ஐரோப்பாவில் பழைய வகையில் சிலவற்றை நிறுத்தியே வைத்தார்கள்.

உங்கள் அய்யனுக்குக் கணக்குப் போட்டால் ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம், 42 வாக்கில் வருகிறது. நாங்கள் தயங்குவது 30-க்குக் கீழே போனால்தான். வளைய வகை மருந்து என்றால் தாராளமாகப் போடலாம். துளியளவு எலும்பிலும் மூளையிலும் தங்கும் என்பது உண்மை. அதனால் கெடுதல் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. ஆனால் அந்த 1.8 பழைய ரிப்போர்ட்டா? நடுவில் காய்ச்சல், வாந்தி, பேதி வந்ததா? அப்படியானால் ரத்தம் மறுபடி பாருங்கள்.

ஊசியில்லாமல் எடுக்கவும் முறைகள் இருக்கின்றன. தலைக்குள் இருக்கும் ரத்தக்குழாய்க்கு அதுவே பெரும்பாலும் போதும். காலில் அப்படியில்லை: அடைப்புக்குக் கீழே ரத்தம் மெதுவாக ஓடுவதால் சுமாரான அடைப்பும் முழு அடைப்பு போலத் தெரியும். அதை நம்பி ஆபரேஷன் முடிவு செய்ய எனக்கு மனசு வராது. சரி, சி.டி.க்கே போய்விடலாமா? சர்க்கரைக்காரர்களின் குழாயில் படிந்த சுண்ணாம்பு சி.டி.யில் பளிச்சென்று வெளுத்து உள்வழியை மறைத்துவிடும். போதாததற்கு அயோடின் வேறு.

டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்கேன் சென்டரில் மருந்தின் பெயரைக் கேளுங்கள்: கடோடெரேட், கடோபியூட்ரால், கடோடெரிடால் என்றால் சரி, கடோடயமைடு என்றால் வேறு கேளுங்கள். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை இந்த ஊசிக்காக நிறுத்த வேண்டியதில்லை. பேஸ்மேக்கரோ ஸ்டென்டோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.