மலைப்பாதையும் கடலோரமும்: பைக் பயணம் பற்றி வாசகர் கேள்விகள்

கே: என்னிடம் இருப்பது நூறு சிசி வண்டி. நண்பர்கள் கொல்லிமலை போகிறார்கள், எல்லாரிடமும் பெரிய வண்டி. எழுபது வளைவும் என் வண்டி ஏறுமா, நடுவில் நின்றுவிடுமா? (கல்லூரி மாணவர், ஈரோடு)

ப: தாராளமாக ஏறும் தம்பி. காரவள்ளி அடிவாரத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மலையில் குடியிருப்பவர்கள் மூட்டையும் முடிச்சுமாக, பின்னால் ஆளையும் ஏற்றிக்கொண்டு, உங்களுடையது மாதிரி வண்டியில்தான் ஏறி இறங்குகிறார்கள்.

மலையில் வண்டி நின்றுபோவது பெரும்பாலும் எஞ்சினில் வலு இல்லாமல் இல்லை, கியரை நேரம் தவறி மாற்றுவதால்தான். வளைவுக்குள் நுழைந்த பிறகு திணறுகிறதே என்று கிளட்சைப் பிடித்தால் அந்த ஒரு நொடியில் இழுவை போய்விடும், வண்டி சாயும், சரிவில் காலை ஊன்றினால் தரை எட்டாது. அதனால் வளைவு தொடங்கும் முன்னாடியே இரண்டாவது கியருக்கோ முதல் கியருக்கோ வந்துவிடுங்கள், ஆக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடியுங்கள், பார்வையை முன்சக்கரத்தில் வைக்காமல் வளைவு முடிந்து சாலை நிமிரும் இடத்தில் வையுங்கள். முக்கியமாக இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவுகள்: நாம் இடப்பக்கம் போகிறவர்கள் என்பதால் அவை நமக்கு உள்வளைவு, குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். அங்கே பயந்து அகலமாகத் திருப்பினால் எதிரே இறங்கி வரும் பஸ்ஸின் முன்னால்தான் போய் நிற்போம். மெதுவாகப் போங்கள், ஆனால் உங்கள் பாதியிலேயே போங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவதும் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவதும் உயிரோடு விளையாடுவது. எஞ்சினே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிரேக் அதற்குத் துணை மட்டும்தான். உங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் டிரம் பிரேக் என்றால், விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கும்போது சூடேறி, கருகின வாடை வரும், பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இன்னொன்று, யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்கி ஏற வேண்டும். ஏறி வந்ததும் தொடை வெடவெடவென்று ஆடும். அந்தக் காலோடு உடனே வண்டியை எடுத்து எழுபது வளைவு இறங்குகிறவர்கள்தான் அதிகம். அறப்பளீஸ்வரர் கோயில் வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஓய்வெடுங்கள், சாப்பிடுங்கள், அப்புறம் கிளம்புங்கள். மழை பிடித்துக்கொண்டால் முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கலாம், கொஞ்சம் சுற்று, ஆனால் வளைவு குறைவு. நண்பர்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டு வாங்குங்கள்: உங்கள் வண்டி முன்னால் போகட்டும். கூட்டமாகப் போகும்போது சிறிய வண்டியின் வேகம்தான் எல்லாருடைய வேகமாகவும் இருக்க வேண்டும்.

கே: நானும் மனைவியும் கோவையிலிருந்து வால்பாறை போய், அப்படியே மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாக சாலக்குடி இறங்க ஆசை. ஒரே நாளில் முடியுமா? (தனியார் நிறுவன ஊழியர், கோவை)

ப: முடியும். ஆனால் முடித்துவிட்டு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. வால்பாறையில் ஒரு இரவு தங்குங்கள்.

நம்மில் நிறையப் பேர் கிலோமீட்டரைக் கூட்டித் திட்டம் போடுகிறோம். மலையில் அந்தக் கணக்கு உதவாது, வெளிச்சத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும். வளைவும் தேயிலைத் தோட்டமும் காடும் மாறி மாறி வரும் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். மாலை ஐந்தரைக்குத் தங்குமிடத்தில் இருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ, ஆழியாறு அணை முழுதாகக் கீழே தெரியும் இடம், எல்லாரும் நிற்பார்கள். நான் சொல்ல விரும்புவது அதற்கு மேலே இருக்கும் வளைவுகளை. அங்கே சாலையோரத் தடுப்புச் சுவரிலேயே வரையாடுகள் நிற்பதைப் பார்க்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றால் அவை நம்மைச் சட்டை செய்யாமல் மேயும். பிஸ்கட் நீட்டாதீர்கள், அது குற்றம். வால்பாறை ஊருக்குக் கொஞ்சம் முன்னால் புதுத்தோட்டம் வரும், சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும் இடம். மரத்துக்கு மரம் அவை போவதற்கென்றே சாலைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பகுதியில் மட்டுமாவது ஹாரன் அடிக்காமல் உருட்டிக்கொண்டே போங்கள்.

மறுநாள் காலை உணவை முடித்த கையோடு மளுக்கப்பாறை சோதனைச் சாவடிக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து வாழச்சால் வரைக்கும் அடர்ந்த காடு. இரு முனையிலும் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வார்கள், நடுவில் நிறுத்தக் கூடாது. மழைக்காலத்திலும் யானை நடமாட்டம் கூடுதலாக இருக்கும் நாட்களிலும் இருசக்கர வாகனங்களை விடாமல் இருப்பதுண்டு, முந்தின நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விடவில்லை என்றால் வாக்குவாதம் வேண்டாம், அவர்கள் காலையில் என்ன பார்த்துவிட்டு வந்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. பெட்ரோலை வால்பாறையிலேயே நிரப்புங்கள்.

இ-பாஸ் மறக்க வேண்டாம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இருப்பதுபோல, வால்பாறைக்கும் 2025 நவம்பர் 1 முதல் வந்திருக்கிறது.

கே: ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கலாமா? (வாசகர், திருப்பூர்)

ப: கூடாது. வெளியூர் வண்டிகளை அந்தப் பாதையில் இறங்க விடுவதில்லை. 36 வளைவு, ரொம்பச் செங்குத்து, பிரேக் பிடிக்காமல் நிறைய உயிர்கள் போன இடம். கூடலூர், தெப்பக்காடு வழியாகச் சுற்றிப் போங்கள், அதுவும் அழகான பாதைதான்.

கே: மதுரையில் இருக்கிறேன். தனியாக ஸ்கூட்டரில் தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரை கடலோரமாகவே போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பெண் தனியாகப் போகலாமா? என்னவெல்லாம் பார்க்கலாம்? (ஆசிரியை, மதுரை)

ப: கட்டாயம் போங்கள். தமிழ்நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த சாலை இது, கிழக்குக் கடற்கரைச் சாலை என்றதும் சென்னை முதல் புதுச்சேரி வரை மட்டுமே பேசுகிறவர்கள் இதைப் பார்க்காதவர்கள். ஏறக்குறைய 130 கிலோமீட்டர், ஊருக்கு ஊர் நெருக்கமாக இருக்கும், டீக்கடையும் பஞ்சர் கடையும் இல்லாத நீண்ட வெளி என்று அதிகம் கிடையாது. முதல் தடவை என்றால் திருச்செந்தூரில் ஒரு இரவு தங்கிக்கொள்ளுங்கள். கோயில் ஊர், தனியாக வரும் பெண்களைப் பார்த்துப் பழகிய ஊர்.

தூத்துக்குடியை விட்டதும் உப்பளம். முக்காணியில் தாமிரபரணியைக் கடந்ததும் காட்சி சட்டென்று மாறும், வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக ஆத்தூர். ஆறுமுகநேரியில் மறுபடி உப்பு. திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினம், அப்புறம் மணப்பாடு. மணப்பாட்டில் வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு மணல் குன்றின் மேல் ஏறுங்கள். 1581ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம் உச்சியில் நிற்கிறது. ஒரு பக்கம் திறந்த கடல், இன்னொரு பக்கம் மணல்திட்டு மறித்து வைத்திருக்கும் அமைதியான நீர், அதற்குள் இழுத்துப் போட்ட படகுகள். பக்கத்தில் உடன்குடி, கருப்பட்டிக்குப் பேர் போன ஊர், வாங்காமல் வராதீர்கள். நேரம் இருந்தால் குதிரைமொழித் தேரிப் பக்கம் உள்ளே திரும்பிப் பாருங்கள், செக்கச்செவேல் என்று மணல், நடுவே பனையும் முந்திரியும்.

எச்சரிக்கை இரண்டே இரண்டு. ஒன்று, சாலையில் படியும் மணல். ஓரமாக நாக்கு மாதிரி நீண்டு கிடக்கும், அதன் மேல் திருப்பவோ முன்பிரேக்கைப் பிடிக்கவோ கூடாது. நேராக, ஆக்சிலேட்டரைத் தளர்த்திக் கடந்துவிடுங்கள். இரண்டாவது காற்று. உவரிக்குத் தெற்கே, கூடங்குளம், அஞ்சுகிராமம் பகுதியில் காற்றாலைகள் அத்தனை நிற்பதற்குக் காரணம், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பீறிட்டு வருவதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் தள்ளும். லாரியை ஒட்டிப் போகும்போது காற்று அடங்கிவிடும், தாண்டி வெளியே வந்த நொடியில் அறைகிற மாதிரி அடிக்கும். அதற்காகவே இங்கே யாரையும் முந்தாதீர்கள், ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் போனால் இந்தத் தொல்லை இல்லை.

பயணம் முடிந்த அன்றைக்கே வண்டியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்புக் காற்று பட்ட திருகாணிகள் சீக்கிரமே துருப்பிடித்துப்போகும்.

கே: கூட்டமே இல்லாத மலைச்சாலை ஒன்று சொல்லுங்கள். (வாசகர், வேலூர்)

ப: உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஜவ்வாது மலை இருக்கிறதே. ஆலங்காயத்தில் ஏறி, காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போய், போளூரில் இறங்குங்கள். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 1986ல் இயங்கத் தொடங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே. பார்வையாளர்களை விடும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். அறுவடைக் காலத்தில் சாமையையும் மற்றத் தானியங்களையும் சாலையிலேயே பரப்பியிருப்பார்கள். அந்தப் பயிர்த் தாள் மேல் டயர் ஏறினால் வழுக்கும், பிரேக் பிடித்தால் விழுவோம். அது ஒரு குடும்பத்தின் வருஷத்துச் சாப்பாடு என்பதால் ஓரம் இருந்தால் ஓரமாகவே போய்விடுங்கள்.

கே: திம்பம் மலைப்பாதையில் இரவு போனால் யானை பார்க்கலாம் என்கிறார்களே? (வாசகர், கோபி)

ப: பார்க்கலாம், திரும்பி வருவோமா என்பது வேறு. 2022 பிப்ரவரியிலிருந்து அந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்துத் தடை நடைமுறையில் இருக்கிறது, புலிகள் காப்பகத்தில் வண்டியில் அடிபட்டுச் செத்த விலங்குகள் அத்தனை. பகலிலேயே ஆசனூர் பக்கம் கரும்பு லாரிக்காகக் காத்து நிற்கும் யானைகள் உண்டு. முன்னால் பஸ்ஸும் லாரியும் நின்றுவிட்டால் நீங்களும் அவற்றுக்குப் பின்னால் நில்லுங்கள். சந்து கிடைத்தது என்று பைக்கை நுழைக்காதீர்கள்.

கே: என் மகனுக்கு இருபது வயது. முதல் முறையாகச் சின்னமனூர் வழியாக மேகமலை போகிறேன் என்கிறான். தடுக்க மனசில்லை, விடவும் பயமாக இருக்கிறது. என்ன சொல்லி அனுப்புவது? (இல்லத்தரசி, திண்டுக்கல்)

ப: அனுப்புங்கள் அம்மா. நல்ல பாதையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான். பதினெட்டு வளைவுக்கும் குறிஞ்சி, முல்லை என்று பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள், மேலே போனால் தேயிலையும் ஏரியுமாக இருக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போன் பண்ண வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போடாதீர்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அம்மா பதறுவாளே என்று சிக்னல் தேடி வேகமாக ஓட்டுவான், இல்லையென்றால் ஓட்டிக்கொண்டே எடுப்பான். அடிவாரத்தில் ஒன்று, மேலே போய்ச் சேர்ந்ததும் ஒன்று, கீழே இறங்கியதும் ஒன்று, அவ்வளவு போதும் என்று சொல்லுங்கள். நீங்களாக நடுவில் கூப்பிடாதீர்கள்.

கிளம்பும் முன்னாடி நீங்களே மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஹெல்மெட்டின் வார் தாடைக்குக் கீழே சரியாகப் பூட்டுகிறதா, பின்னால் உட்காரும் நண்பனுக்கும் ஹெல்மெட் இருக்கிறதா, டயரின் நடுப்பகுதி வழவழவென்று தேய்ந்திருக்கிறதா. தேய்ந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள், புது டயருக்குக் காசு கொடுங்கள். வனத்துறை சாவடியில் மாலைக்கு மேல் விட மாட்டார்கள், அதனால் இருட்டுவதற்குள் எங்கே இருப்பாய் என்று அவனிடம் கேளுங்கள். ஊர் பெயரைச் சொல்லி உடனே பதில் சொன்னான் என்றால் திட்டம் போட்டிருக்கிறான் என்று அர்த்தம். "பார்த்துக்கலாம்மா" என்றால் உட்கார வைத்து, தங்குமிடத்துக்குப் போன் போட்டு இடம் உறுதிசெய்த பிறகு அனுப்புங்கள்.