எழுதாத வசனம் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் சேர்ந்து ஒரு முழுநீளப் படம் எடுக்கிறோம். எல்லாருக்கும் வேலை இருப்பதால் வார இறுதிகளில் மட்டும் படப்பிடிப்பு. அப்பா இறந்தபின் அந்த வீட்டைக் காலி செய்ய வரும் அண்ணன், தங்கையின் கதை. வசனம் எழுதவில்லை. சூழ்நிலையைச் சொல்லிவிட்டு நடிகர்களைப் பேச விடுகிறோம். எழுதினால் இயல்பு போய்விடும் என்பது என் நம்பிக்கை. ஆனால் எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் எல்லாக் காட்சியிலும் இருவரும் சண்டைதான் போடுகிறார்கள். ஏன்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நடிகருக்குச் சொல்ல எதுவும் கொடுக்காமல் கேமராவை ஓடவிட்டால் அவர் மௌனத்துக்குப் பயப்படுவார். அதை நிரப்பக் கைக்கு முதலில் கிடைப்பது சண்டை. குரலை உயர்த்தினால் காட்சி நடப்பது போலத் தோன்றும். உண்மையில் அந்த அண்ணனும் தங்கையும் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை யார் எடுத்துக்கொள்வது என்று பேச வராமல், வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள். உங்கள் படம் அங்கேதான் இருக்கிறது.

வசனம் எழுதாமல் தொடங்கியது தவறே இல்லை. அமெரிக்க இயக்குநர் ஜான் கசவெட்டிஸ் ‘ஷாடோஸ்’ படத்தை 1957இல் அப்படித்தான் தொடங்கினார். வானொலியில் பணம் கேட்டார், நேயர்கள் சுமார் இரண்டாயிரம் டாலர் அனுப்பினார்கள். நடிப்புப் பட்டறையில் உருவான பாத்திரங்கள், 16 மிமீ கேமரா, நியூயார்க் தெருக்கள். 1958இல் திரையிட்டபோது படம் பார்வையாளர்களிடம் எடுபடவில்லை. தொழில்நுட்பத்தின் மேல் மோகம் கொண்டு மனிதர்களைக் கோட்டைவிட்டோம் என்று அவருக்கே தோன்றியது. 1959இல் காட்சிகளை எழுதி, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார். நமக்குக் கிடைப்பது அந்த இரண்டாவது வடிவம்தான். நீங்கள் பார்த்தது எழுதாமல் நடித்தது என்று படத்தின் முடிவில் ஒரு அட்டை வரும். அதை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். (முதல் வடிவமே மேல் என்று வாதிட்டவர்களும் உண்டு. அது வேறு கதை.)

பிரிட்டிஷ் இயக்குநர் மைக் லீயின் வழி இன்னும் தெளிவானது. மாதக்கணக்கில் ஒத்திகை. ஒவ்வொரு நடிகருக்கும் தன் பாத்திரத்துக்குத் தெரிந்தது மட்டும்தான் தெரியும். அந்த ஒத்திகையில் பிறக்கும் பேச்சைச் செதுக்கி, நிலைப்படுத்திய பிறகுதான் படப்பிடிப்பு. நடிகர்கள் கண்டுபிடிக்கிறார்கள், இயக்குநர் தேர்ந்தெடுக்கிறார். நீங்கள் முதல் வேலையோடு நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே இரண்டு வாரம் கேமராவை எடுக்காதீர்கள். அண்ணனாக நடிப்பவரைத் தனியாக அழைத்து, வீட்டை விற்க அண்ணன் ஏற்கெனவே முன்பணம் வாங்கிவிட்டான் என்று சொல்லுங்கள். தங்கையாக நடிப்பவருக்கு இது தெரியக்கூடாது. அவருக்கு வேறொரு ரகசியம் கொடுங்கள். இருவரையும் அப்பாவின் துணிகளை மடிக்கச் சொல்லுங்கள். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாக அடங்கும். ஒத்திகை முழுவதையும் ஒலிப்பதிவு செய்து, கேட்டு, நல்ல வரிகளை எழுதி எடுங்கள். ஒரு மணிநேரப் பேச்சில் ஆறு வரி தேறினால் போதும். அந்த ஆறையும் நடிகர்களிடம் திருப்பிக் கொடுத்து நடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் வாயில் பிறந்த வரிகள்தானே, இயல்பு எங்கே போகும்?

வார இறுதிப் படப்பிடிப்பில் தாடி, தலைமுடி, சட்டை எல்லாம் மாறும். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் போட்டோ எடுத்து வையுங்கள். முடிந்தவரை கதை வரிசையிலேயே எடுங்கள். அப்புறம் ஒலி. படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். நல்ல மைக்கை வாடகைக்கு எடுங்கள், லென்ஸ் பிறகு.

அப்பாவுக்குப் பிடித்த பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் பின்னணியில் ஓடவிடும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். அமெரிக்க இயக்குநர் சார்லஸ் பர்னெட் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ படத்தை உங்களைப் போலவே வார இறுதிகளில், பத்தாயிரம் டாலருக்கும் குறைவாக எடுத்து, 1977இல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் படமாகச் சமர்ப்பித்தார். அதிலுள்ள பாடல்களுக்கு உரிமை வாங்காததால் திரையரங்குக்கு வர 2007 ஆனது. உரிமைகளுக்கு மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் டாலர். அப்போதும் ஒரு பாட்டுக்கு அனுமதி கிடைக்காமல் வேறொன்றை வைத்தார்கள். அப்படியொரு படம் முப்பது வருடம் திரையரங்குக்கு வராமல் கிடந்ததை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. பாட்டு வேண்டுமென்றால் உங்களில் ஒருவர் மெட்டுப் போடட்டும், தங்கை அதை முணுமுணுக்கட்டும். மெட்டுப் போட்டவரிடம் அன்றே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள், நண்பராக இருந்தாலும் சரி.