பிரேக் லைட் எரியவில்லை என்று நோட்டீஸ்: அபராதம் கட்டியே ஆக வேண்டுமா?

கேள்வி: இரவில் என் காரை நிறுத்திய போலீஸ்காரர், இடது பக்க பிரேக் லைட் எரியவில்லை என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டார். பின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பழுது இருப்பதே எனக்குத் தெரியாது. இதற்கும் அபராதமா?

பதில்: "தெரியாது" என்பது பெரும்பாலும் எடுபடாது. வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவருகிறவர்தான் அதன் நிலைக்குப் பொறுப்பு. ஆனாலும் நீங்கள் ஏமாந்ததில் ஆச்சரியமில்லை. பல கார்களில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும்: பின்விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். பெரியது மட்டும் அறுந்துபோனால், சுற்றிவந்து பார்த்தாலும் விளக்கு எரிகிற மாதிரியே இருக்கும்.

சரி, முதலில் அந்த நோட்டீஸை முழுதாகப் படியுங்கள். வெறும் அபராதமா, பழுதுபார்த்துக் காட்டக் கெடு கொடுத்திருக்கிறார்களா? பிரிட்டனில் பல இடங்களில், வழக்கமாக 14 நாளுக்குள், சரிசெய்து அங்கீகாரம் பெற்ற கராஜில் சான்று வாங்கி அனுப்பினால் வழக்கு இல்லை. கலிஃபோர்னியாவில் இதற்கு 'ஃபிக்ஸ்-இட் டிக்கெட்' என்றே பெயர். சரிசெய்ததற்கு அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, சிறு கட்டணத்தோடு கோர்ட்டில் கொடுத்தால் தள்ளுபடி. உங்கள் நோட்டீஸிலும் கெடு இருந்தால் இன்றைக்கே பல்பை மாற்றி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கெடுவைக் கோட்டைவிட்டவர்கள்தான் பிறகு கோர்ட்டுக்கு அலைகிறார்கள்.

நடுரோட்டில் மட்டும் சட்டம் பேசாதீர்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் இதேபோல ஒரு பிரேக் லைட்டுக்காக ஒரு காரை நிறுத்தினார்கள். அந்த மாநிலச் சட்டப்படி ஒன்று எரிந்தாலே போதும் என்று அங்குள்ள அப்பீல் கோர்ட் பிறகு சொன்னது. அப்படியும், போலீஸ் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டது நியாயமான தவறுதான், நிறுத்தியது செல்லும் என்று 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை, அது வேறு விஷயம். ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள்.

அப்புறம், இனிமேல் பிரேக் லைட்டைப் பார்க்க ஆள் தேட வேண்டாம். இருட்டியபின் காரின் பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி கண்ணாடியில் பாருங்கள். சுவரில் இரண்டு பக்கமும் சிவப்பு பளிச்சென்று கூட வேண்டும். ஒரு பக்கம் மங்கலாகவே நின்றால் பல்பு. இரண்டு பக்கமும் கூடவில்லையா? பல்பு வாங்க ஓடாதீர்கள். பெடல் ஸ்விட்ச் அல்லது ஃபியூஸ் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.