ஜப்பானிய வாளில் உள்ள ‘ட்சுபா’ என்பது என்ன? அதில் ஏன் இவ்வளவு வேலைப்பாடு?

ஜப்பானிய வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே பொருத்தப்படும் உலோகத் தகடே ட்சுபா. பெரும்பாலும் 7 அல்லது 8 சென்டிமீட்டர் அகலத்தில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மிதிவண்டிக் கைப்பிடியின் உள்முனையில் உள்ள விளிம்பு கை வழுக்கி முன்னே போகாமல் தடுப்பதைப் போல, வாளால் குத்தும்போது கை கூரிய அலகின்மேல் சரியாமல் இது காக்கிறது. வாளின் எடையைக் கைப்பக்கம் இழுத்து, வீசுவதையும் எளிதாக்குகிறது.

வேலைப்பாட்டுக்கான காரணம் போரில் இல்லை, அமைதியில் இருக்கிறது. 1603 முதல் 1868 வரையிலான எடோ காலத்தில் பெரும்போர்கள் அருகிப்போனதால், சாமுராயின் இடுப்பில் இருந்த வாள் அவருடைய தகுதியையும் ரசனையையும் காட்டும் அணியாகவும் மாறியது. கைப்பிடியில் உள்ள மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் எல்லாம் கழன்றுவிடும் என்பதால், ஒரே வாளுக்கு வேறு ட்சுபாவை மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. செம்பில் சிறிதளவு தங்கம் கலந்து பதப்படுத்தினால் நீலம் கலந்த கருமை ஏறும். ‘ஷாகுடோ’ எனப்படும் அந்தக் கரிய பரப்பில் தங்கத்தைப் பதித்தால் இரவு வானில் ஒளி தெரிவது போல இருக்கும். என்னைப் பெரிதும் ஈர்ப்பது, பழைய ட்சுபாக்களின் நடுத்துளை ஓரத்தில் தெரியும் சிறு செம்புத் துண்டுகள்தாம்: அவை குறிப்பிட்ட ஓர் அலகு ஆடாமல் அமர்வதற்காக அடைக்கப்பட்டவை. 1876-இல் பொது இடங்களில் வாள் அணிவது தடைசெய்யப்பட்ட பிறகு, இக்கைவினைஞர்கள் பலர் பூச்சாடிகளுக்கும் சிமிழ்களுக்கும் திரும்பினார்கள்.

எதிரியின் வெட்டைத் தாங்கும் சிறு கேடயம் இது என்று பலர் கருதுகிறார்கள். ஆனால், சொந்த வாளின் கூரிலிருந்து கையைக் காப்பதே இதன் முதன்மையான வேலை.