பழைய கிட்டார், பழைய வால்வ் ஆம்ப்: கேள்வி பதில்

எனக்குத் தெரிந்தது பழைய எலெக்ட்ரிக் கிட்டாரும், கண்ணாடி வால்வுகளில் ஓடும் ஆம்ப்ளிஃபையரான வால்வ் ஆம்பும்தான். அக்கூஸ்டிக் கிட்டாரின் பிரிட்ஜ் பெயர்ந்தது, வயலின் விரிசல் போன்றவற்றை அந்த வேலை தெரிந்த மரவேலைக்காரரிடம் கேளுங்கள். ஆம்பைத் திறக்கப்போகிறவர்கள் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்றாக இன்சுலேஷன் செய்த கிளிப்பில் வைத்து ஃபில்டர் கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சீராக்கும் பாகம்) நிற்பதை சேசிஸுக்கு, அதாவது ஆம்பின் உலோகச் சட்டத்துக்கு, இறக்குங்கள். மீட்டரில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டதைப் பார்த்த பிறகே கை உள்ளே போகவேண்டும்.

சார், மாமா வீட்டுப் பரணில் டெய்ஸ்கோ என்று எழுதிய ஜப்பான் கிட்டார் கிடைத்தது. ஒரு பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) சத்தமே இல்லை, பெயின்ட்டும் பொரிந்திருக்கிறது. புது பெயின்ட் அடித்து பிக்கப்பையும் மாற்றிவிடலாமா?

இரண்டுமே வேண்டாம். டெய்ஸ்கோ 1946-ல் தொடங்கிய ஜப்பான் நிறுவனம். 1967-ல் கவாய் அதை வாங்கியது. அந்தக் காலத்தில் மலிவு கிட்டார் என்று ஒதுக்கினார்கள். இன்றைக்கு அதன் ‘கோல்ட் ஃபாயில்’ பிக்கப்பை மட்டும் தனியாகத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது அந்த வகையாகக்கூட இருக்கலாம்.

முதலில் சுவிட்சுகளைப் பாருங்கள். பரணில் கிடந்த கிட்டாரில் பாதிக் கோளாறு சுவிட்ச் களிம்பில்தான் இருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, ஒவ்வொன்றையும் இருபது முப்பது முறை தள்ளுங்கள். அப்போதும் சத்தம் வரவில்லையென்றால் பிக்கப்பின் இரண்டு வயரையும் கழற்றி மீட்டரில் வையுங்கள். சில கிலோஓம் காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அந்தக் கம்பி தலைமுடி கனம்தான். பெரும்பாலும் காயிலின் முனை வெளி வயரோடு சேரும் இடத்தில், ஈரத்தில் அரித்துத்தான் அறும். லென்ஸ் வைத்துப் பார்த்து ஒரு பொட்டு ஈயம் வைத்தாலே பல பிக்கப்புகள் எழுந்துவிடும். உள்ளே எங்கோ அறுந்திருந்தால் மறுபடி சுற்றத்தான் வேண்டும். அப்போதும் அதே காந்தம், அதே மூடி. கழற்றிய எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பெயின்ட் பொரிந்தது வயதின் அடையாளம், அது இருக்கட்டும். ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தால் போதும்.

அண்ணா, என் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் பின்பக்கத் தகட்டில் சீரியல் நம்பர் இருக்கிறது. எந்த வருடம் என்று சொல்ல முடியுமா?

அந்த நம்பரை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது தம்பி. பழைய ஃபெண்டரில் தகடுகளை வரிசைப்படி மாட்டவில்லை. பெட்டியில் கைக்கு வந்ததை எடுத்துத் திருகினார்கள். நாலு ஸ்க்ரூவில் நிற்கும் தகடு, யார் வேண்டுமானாலும் மாற்றலாம். நெக்கைக் கழற்றி அடிப்பகுதியைப் பாருங்கள். பென்சிலிலோ முத்திரையாகவோ மாதமும் வருடமும் பெரும்பாலும் இருக்கும். பிறகு வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டன்ஷியோமீட்டர்) முதுகைப் பாருங்கள். 304 6320 என்று இருந்தால் 304 என்பது ஸ்டாக்போல் கம்பெனி, 63 வருடம், 20 வாரம். 137 என்றால் சிடிஎஸ் கம்பெனி. பாட் செய்த தேதிக்கு முன்னால் கிட்டார் பிறந்திருக்க முடியாது, பின்னால் பிறந்திருக்கலாம். 1965 தொடக்கத்தில் ஃபெண்டரை சிபிஎஸ் நிறுவனம் வாங்கிய பிறகு பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்தார்கள். அதனால் 1966 பாட் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்த கிட்டாரிலும் இருக்கும். நெக், பாட், ஈயம் மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். மறுபடி பற்றவைத்த ஈயத்துக்குப் பளபளப்பு வேறாக இருக்கும்.

கிப்சன் கிட்டாருக்கும் சீரியல் நம்பரை வைத்து வருடம் சொல்வீர்களா?

கிப்சன் 1960-களில் ஒரே நம்பரை ஒன்றுக்கு மேற்பட்ட கிட்டாரில் குத்தியிருக்கிறது. மேலே சொன்ன பாட் தேதிதான் இதற்கும் வழி.

திருநெல்வேலியிலிருந்து. எங்கள் சர்ச்சில் பழைய அமெரிக்க ஆம்ப் ஒன்று இருக்கிறது. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டுகிறோம். கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் சுரீரென்று அடிக்கிறது. பிளக்கைத் திருப்பிப் போட்டால் குறைகிறது.

ஐயா, இன்றோடு அதை நிறுத்திவிடுங்கள். இது உயிர் விஷயம். இரண்டு பின் பிளக் வைத்த அந்தக் கால ஆம்பில், மின்சாரத்தின் ஒரு கம்பியிலிருந்து சேசிஸுக்கு 0.047 மைக்ரோஃபாரட் மாதிரி ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். இரைச்சலைக் குறைக்க வைத்தது. அது கசிந்தால் சேசிஸில் மின்சாரம் ஏறும். சேசிஸிலிருந்து கிட்டார் கேபிளின் ஷீல்டு (வெளிச்சுற்று உலோக வலை) வழியாகக் கிட்டார் கம்பிக்கு, அங்கிருந்து உங்கள் கைக்கு. மைக் எர்த்தில் இருப்பதால் உதடு வழியாக வட்டம் முடிகிறது. அந்தக் கெப்பாசிட்டர் முழுக்க ஷார்ட் ஆகும் நாளில் சுரீரோடு நிற்காது. அமெரிக்காவில் இதற்கு ‘டெத் கேப்’ என்றே பெயர்.

அந்தக் கெப்பாசிட்டரை வெட்டி எடுத்துவிட்டு, மூன்று பின் வயர் போட்டு, எர்த் வயரை சேசிஸில் தனி போல்ட்டில் இறுக்கவேண்டும். ஃபேஸ் வயர் (கரண்ட் வரும் வயர்) முதலில் ஃபியூஸுக்கு, அப்புறம் சுவிட்சுக்கு. ஸ்டெப்டவுனையும் பாருங்கள். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஒரே சுற்றில் டேப் எடுத்தவை, மெயின்ஸிலிருந்து பிரிக்காது. பலவற்றில் வெளியே வரும் சாக்கெட்டில் எர்த்தே இருக்காது. எர்த்தை உள்ளே வரும் வயரிலிருந்து வெளி சாக்கெட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

அண்ணை, நான் டொரோண்டோவில் இருக்கிறேன். என்ரை ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்பை சென்னைக்குக் கொண்டுவந்தால் ஓடுமா?

ஓடும். ஆம்பின் பின்னால் போட்டிருக்கும் வாட்டைப்போல இரண்டு மடங்கு தாங்கும் ஸ்டெப்டவுன் வாங்குங்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாகச் சுடும். இங்கே கிடைக்கும் ஸ்டெப்டவுன் 110 வோல்ட் கொடுத்தால் அந்தச் சூட்டுக்கு அதுவே நல்லது. எர்த் பற்றி மேலே சொன்னதைப் படியுங்கள்.

என்னிடம் 1966 ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப் இருக்கிறது. எல்லாமே ஒரிஜினல். ஒருவர் எல்லா ஃபில்டர் கெப்பாசிட்டரையும் மாற்றச் சொல்கிறார். மாற்றினால் ஆம்பின் மதிப்பே போய்விடும். பெயின்ட்டைத் தொடாதே என்று சொல்கிற நீங்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். கிட்டார் பெயின்ட் பழையதானால் யாருக்கும் கெடுதல் இல்லை. எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் அப்படி அல்ல. உள்ளே அலுமினியத் தாள், அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம், நடுவே ரசாயனத்தில் நனைத்த காகிதம். ரசாயனம் காய்கிறது, படலம் கரைகிறது. இருபது ஆண்டு நன்றாக உழைத்தாலே பெரிது, உங்களுடையதற்கு அறுபது ஆகிறது. அது ஷார்ட் ஆனால் ரெக்டிஃபையர் வால்வ் (ஏசியை டிசியாக்குவது) போகும், கூடவே பவர் டிரான்ஸ்ஃபார்மரும் கருகும். சின்ன பயாஸ் கெப்பாசிட்டர் போனால் 6வி6 பவர் வால்வுகளுக்கு நெகட்டிவ் வோல்டேஜ் கிடைக்காமல் பிளேட் சிவந்து எரியும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஆபத்து. அந்த ஒரிஜினல் டிரான்ஸ்ஃபார்மர்கள்தான் அந்த ஆம்பின் உயிர்.

அதே நபர்: வாரியாக்கில் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மெல்ல மெல்ல வோல்டேஜ் ஏற்றினால் கெப்பாசிட்டர் புதிதாகிவிடும் என்கிறார்களே. நான் நாற்பது வருடமாகச் சேகரிக்கிறேன், அப்படித்தான் செய்கிறேன்.

உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் வாரியாக் படலத்தைத்தான் வளர்க்கும், காய்ந்த ரசாயனத்தை நனைக்காது. இன்னொன்று, உங்கள் ஆம்பில் இருப்பது ஜிஇசட்34 ரெக்டிஃபையர் வால்வ். அதன் ஹீட்டர் போதுமான அளவு சூடாகும்வரை அது கடத்தாது. 30, 40 வோல்ட்டில் வாரியாக்கை மணிக்கணக்கில் வைத்திருந்தாலும் கெப்பாசிட்டருக்கு ஒன்றும் போகவில்லை. ஹீட்டர் சூடேறியதும் ஒரேயடியாகப் பாயும்.

வேறொருவர்: அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கெப்பாசிட்டர் மாற்றினால் சத்தம் மாறிவிடும். பழைய சத்தத்துக்குத்தானே பழைய ஆம்ப்?

மாறும். காய்ந்த ஃபில்டரோடு வரும் உறுமலும் தொளதொள பேஸும் 1966-ல் கடையில் வாங்கியவர் கேட்ட சத்தம் அல்ல. அதே 16 மைக்ரோஃபாரட் அளவில் புதிதாகப் போட்டால் அவர் கேட்டதற்குப் பக்கத்தில் வருவீர்கள். சத்தத்தில் கை வைக்கிற பாகங்கள் வேறு. வால்வுக்கு வால்வ் சிக்னல் கடத்தும் நீலக் கெப்பாசிட்டர்கள், கார்பன் ரெசிஸ்டர்கள், ஸ்பீக்கர். அவற்றைத் தொடச் சொல்லவே இல்லை. நீலக் கெப்பாசிட்டர் கசிகிறதா என்று அடுத்த வால்வின் கிரிட்டில் (சிக்னல் உள்ளே போகும் முனை) டிசி அளந்து பாருங்கள், கசியாவிட்டால் அது இன்னும் பல ஆண்டு அங்கேயே இருக்கட்டும். இதில் சேகரிப்பாளர் பக்கம்தான் நான். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு ‘சர்வீஸ்’ செய்துவிட்டேன் என்கிறவர்கள் செய்வது பெரிய கெடுதல்.

இனி ஆன் செய்யவே போவதில்லை, பார்வைக்கு மட்டும் என்றால் எதையும் மாற்றவேண்டாம். அப்போது பிளக்கில் ‘ஆன் செய்யக்கூடாது’ என்று சீட்டுக் கட்டிவையுங்கள், உங்களுக்குப் பிறகு வருகிறவருக்காக.

சார், சீரியல் நம்பர் போட்டோ அனுப்பினால் வருடம் சொல்வீர்களா?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். நெக்கின் அடி, பாட்டின் முதுகு.

என்ன விலைக்குப் போகும்?

விலை சொல்வதில்லை.

பழைய வால்வ் வாங்கலாமா? பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த இஎல்84 ஒரு கடையில் இருக்கிறது.

நல்ல வால்வ். அச்சு அழியாமல், உள்ளே கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பளபளப்பாக இருந்தால் வாங்குங்கள். அந்தப் பூச்சு வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது, வேண்டாம்.

1961 ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்), முன்பு யாரோ வேறு நிறம் அடித்திருக்கிறார்கள். சுரண்டி பழைய நிறத்தைக் கொண்டுவரலாமா?

சுரண்டாதீர்கள். இன்னொரு முறை அடித்தாலும் அது ரீஃபினிஷ்தான், ஒரிஜினல் ஆகாது. அயர்லாந்து கிட்டார் கலைஞர் ரோரி கல்லகரின் 1961 ஸ்ட்ராட்டில் பெயின்ட்டே பெரும்பகுதி போய் வெறும் மரம்தான் தெரியும். அவர் கடைசிவரை அதற்குப் பெயின்ட் அடிக்கவில்லை, வாசித்தார். அப்புறம், நைட்ரோ லாக்கர் (பழைய வகைப் பூச்சு) அடித்த கிட்டாரை ரப்பர் ஸ்டாண்டில் வைக்காதீர்கள், ஒட்டி இளகிவிடும். அந்தக் காலத்துச் செல்லுலாய்டு பிக்கார்டு (கிட்டாரின் முன்பக்கப் பாதுகாப்புத் தகடு) இருந்தால் மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள். அதிலிருந்து வரும் ஆவி ஸ்க்ரூக்களை அரிக்கும்.

டீலக்ஸ் ரிவெர்ப் வைத்திருப்பவர்: நீங்கள் சொன்னதைக் கேட்டு, சேசிஸின் அடியிலுள்ள தகரப் பெட்டியின் மூடியை மட்டும் கழற்றிப் பார்த்தேன். இரண்டு கெப்பாசிட்டரின் முனையில் வெள்ளையாகப் பிதுங்கி இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

அது உள்ளேயிருந்து வெளியே வந்த ரசாயனம்தான். இனி ஆன் செய்யவேண்டாம். கெப்பாசிட்டரை இறக்கிவிட்டுத்தான் மூடியைத் தொட்டீர்கள் என்று நம்புகிறேன், இல்லையென்றால் இப்போதே அப்படியே மூடி வையுங்கள். பற்றவைக்கிறவரிடம் சொல்லுங்கள்: கழற்றுவதற்கு முன் போட்டோ எடுக்கவேண்டும், போர்டின் கண்களில் (வயர் நுழையும் உலோக வளையங்கள்) சூட்டை அதிக நேரம் வைக்கக்கூடாது, கெப்பாசிட்டரின் கால்களை ஒட்ட வெட்டக்கூடாது. கழற்றிய ஐந்தாறு கெப்பாசிட்டரையும் தேதிக் குறியீடு தெரிகிற மாதிரி சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி, கேபினெட்டின் உள்பக்கம் ஸ்பீக்கர் காந்தத்தில் படாமல் ஒட்டிவையுங்கள்.